புழு கிடைக்காத பறவைகள்

படத்தில் சில பறவைகள். அவற்றைவிடக் குறைவாகச் சில புழுக்கள். டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் இந்தப் படத்தை அமெரிக்கக் குழந்தைகளிடம் காட்டி, “புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?” என்று கேட்டார். முதல் வகுப்புப் பிள்ளைகளில் 64 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். மழலையர் வகுப்பில் 25 சதவீதம். அதற்கும் கீழே, பாலர் பள்ளியில், 17 சதவீதம். பிறகு படத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றினார். பறவைகள் எல்லாம் பாய்ந்து வந்து ஆளுக்கொரு புழுவை எடுக்கப் பார்க்கின்றன; எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது? இந்த முறை சரியாகச் சொன்னவர்கள் முறையே 100, 96, 83 சதவீதம்.

1983இல் ‘சைல்ட் டெவலப்மென்ட்’ ஆய்விதழில் வெளிவந்த இந்த முடிவுகள், கணக்குப் பாடத்தைப் பற்றிய ஒரு பழைய நம்பிக்கையை அசைத்தன. எண் ஒன்றே, விடை ஒன்றே, செய்ய வேண்டிய கழித்தலும் ஒன்றே. படத்தில் 5 பறவையும் 3 புழுவும் இருந்தால் இரண்டு கேள்விக்கும் விடை 2தான். முதல் கேள்விக்கு ‘ஐந்து’ என்று சொல்லும் குழந்தைக்குக் கழிக்கத் தெரியவில்லை என்று எவரும் முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அடுத்த நிமிடமே புழு கிடைக்காத பறவைகளை அது சரியாக எண்ணிவிடுகிறது. அதற்குத் தெரியாதது கழித்தல் அல்ல. ‘எத்தனை அதிகம்’ என்ற சொற்கள் தன்னை எதைச் செய்யச் சொல்கின்றன என்பதுதான் பிடிபடவில்லை. ‘பறவைகள் எத்தனை’ என்று அதன் காதில் விழுகிறது, ‘ஐந்து’ என்கிறது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

ஒரே கழித்தல், பல முகங்கள்

வாக்கியக் கணக்குகளை வகைப்படுத்தும் முயற்சியும் அதே ஆண்டில் ஒரு வடிவம் பெற்றது. மேரி ரைலி, ஜேம்ஸ் கிரீனோ, ஜோன் ஹெல்லர் ஆகிய மூவரும் ஒருபடிக் கூட்டல் கழித்தல் கணக்குகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்தார்கள்: இருப்பது கூடியோ குறைந்தோ போகும் மாற்றக் கணக்கு, இரண்டு பங்கைச் சேர்த்துப் பார்க்கும் சேர்க்கைக் கணக்கு, ஒன்றை இன்னொன்றோடு நிறுத்திப் பார்க்கும் ஒப்பீட்டுக் கணக்கு. எட்டிலிருந்து மூன்றைக் கழிக்கும் ஒரே வேலை மூன்று குடும்பத்திலும் உண்டு.

மாலாவிடம் 8 நெல்லிக்காய் இருந்தது, தம்பிக்கு 3 கொடுத்தாள், மீதி எத்தனை? இது எளிது. குழந்தை எட்டு விரலை நீட்டி மூன்றை மடக்கும். மாலாவிடமும் தம்பியிடமும் சேர்த்து 8 நெல்லிக்காய்; மாலாவிடம் 3; தம்பியிடம் எத்தனை? இங்கே யாரும் எதையும் கொடுக்கவில்லை. மடக்குவதற்கு விரல் இல்லை. மாலாவிடம் 8 உள்ளது, தம்பியைவிட அவளிடம் 3 அதிகம், தம்பியிடம் எத்தனை? இதில் பெரும்பாலான சிறு பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தெரியாத எண் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதும் கணக்கின் கடுமையை மாற்றும். ‘மாலாவிடம் சில நெல்லிக்காய்கள் இருந்தன’ என்று தொடங்கும் கணக்கில் முதல் வரிக்கே எண் இல்லை. எத்தனை விரலை நீட்டுவது?

விடைத்தாளில் இந்த மூன்றும் ‘8 – 3’ என்று ஒரே வரியாகத்தான் தெரியும். திருத்துபவருக்கு ஒன்றாகத் தெரிவது, படிப்பவருக்கு மூன்று வெவ்வேறு கதை.

தவறான விடைக்குள் ஒரு சரியான கணக்கு

டெனிஸ் டெலரோசா கம்மின்ஸும், கொலராடோ பல்கலைக்கழகத்தின் வால்டர் கின்ட்ச் முதலானோரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் ஆழமாகத் தோண்டியது. குழந்தைகளிடம் கணக்கைச் சொல்லி விடை கேட்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. கணக்கையே திரும்பச் சொல்லவும் சொன்னார்கள். தவறு எங்கே நேர்கிறது என்பது அப்போது வெளிப்பட்டது. பல குழந்தைகள் தங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கைத் திரும்பச் சொல்லவில்லை. கடினமான ஒன்றை, தங்களுக்குத் தெரிந்த எளிய ஒன்றாக மாற்றிச் சொன்னார்கள். அவர்களின் ‘தவறான’ விடை, மாற்றிச் சொன்ன அந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் பொருந்தியது. ஒப்பீட்டு வாக்கியங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘கண்ணனைவிட முருகனிடம் 5 கோலி அதிகம்’ என்பது குழந்தையின் மனத்தில் ‘முருகனிடம் 5 கோலி’ என்று சுருங்கிவிடும். அதற்கு மேல் செய்யும் கூட்டலில் பிழை இருக்காது.

ஆகவே சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதற்கு முன், ‘கணக்கில் என்ன சொல்லியிருக்கிறது, உன் வார்த்தையில் சொல்’ என்று கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் இதற்கு நேரம் ஏது என்பது வேறு கேள்வி, நியாயமான கேள்வியும்கூட.

பெல்ஜியத்தில் எரிக் டி கோர்ட், லீவன் வெர்ஷாஃபெல், டி வின் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்குகளின் வாசகத்தைத் திருத்தி எழுதிப் பார்த்தது. எண்ணையும் செயலையும் தொடவில்லை. உறவை மட்டும் வெளிப்படையாகச் சொன்னது. ‘பீட்டரிடம் 3 ஆப்பிள், ஆனிடமும் சில உண்டு, இருவரிடமும் மொத்தம் 9’ என்பதுபோன்ற கணக்கை, ‘இருவரிடமும் மொத்தம் 9 ஆப்பிள், அவற்றில் 3 பீட்டருடையவை, மீதி ஆனுடையவை’ என்று திருப்பிப் போட்டால் சரியான விடைகள் கூடின. முதல் வாசகத்தில் ‘மொத்தம் 9’ என்பதை ‘ஆளுக்கு ஒன்பது’ என்று எடுத்துக்கொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, திருத்திய வாசகம் பழையதைவிடச் சின்னதல்ல. ஹட்சனின் புழுக் கேள்வியும் நீளமானதே. சிறு பிள்ளைகளுக்கு எழுதும்போது வரியைக் குறைத்தால் எளிமை வந்துவிடும் என்ற எண்ணம் பாடநூல் எழுதுவோரிடம் பரவலாக இருக்கிறது. வரியோடு சேர்ந்து பொருளும் வெட்டுப்படுவது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

தமிழில் சுருக்கிச் சொல்வதற்கு நீண்ட மரபே உண்டு. காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ பலாப்பழத்தை அறுக்காமல் சுளையின் எண்ணிக்கையைச் சொல்லும் வழியைக்கூட ஒரே வெண்பாவுக்குள் அடக்கிவிடுகிறது. ஆனால் அந்த மரபில் பாட்டு மனப்பாடத்துக்கு. விரித்துச் சொல்ல உரை என்று ஒன்று கூடவே இருந்தது. இன்றைய பாடநூல் கணக்கு சுருக்கத்தை வைத்துக்கொண்டு உரையை விட்டுவிட்டது.

தமிழில் எங்கே இடறும்

ஆங்கிலத்திலும் பெல்ஜியப் பிள்ளைகளின் டச்சு மொழியிலும் கண்டது அப்படியே தமிழுக்குப் பொருந்திவிடாது. மொழிக்கு மொழி பள்ளம் இருக்கும் இடம் வேறு. தமிழில் ஒரு விகுதி போதும், செய்கையே தலைகீழாக மாறிவிடும். 80 ரூபாய்க்கு விற்ற வெங்காயம் ‘20 ரூபாய் குறைந்தது’ என்றால் விலை 60. ‘20 ரூபாயாகக் குறைந்தது’ என்றால் கழிப்பதற்கே வேலையில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எண்களைத் தேடி ஓடும் வேகத்தில் ‘ஆக’ கண்ணில் படாது. ‘இருவரிடமும் 9 பழங்கள் உள்ளன’ என்ற வரியில் ‘சேர்த்து’ என்ற சொல் விடுபட்டால், ஆளுக்கு ஒன்பது என்று படிப்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘3 மடங்கு’ சரி. ‘3 மடங்கு அதிகம்’? பத்தைவிட மூன்று மடங்கு அதிகம் என்றால் முப்பதா, நாற்பதா என்று பெரியவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள்.

பெயரெச்சத்தை அடுக்குவது இன்னொரு பொறி. “கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய 25 கிலோ தக்காளியில் அழுகிய 3 கிலோ போக மீதியைக் கிலோ 50 ரூபாய்க்கு விற்ற வியாபாரி பெற்ற லாபம் எவ்வளவு?” இதில் பிழை ஏதும் இல்லை, தேர்வுத்தாளில் தாராளமாகக் காணக் கிடைக்கும் வாக்கியம்தான். ஆனால் தமிழில் அடை எல்லாம் பெயருக்கு முன்னால் வருவதால், வியாபாரி என்று ஒருவர் இருப்பதே கடைசியில்தான் தெரிகிறது. அதுவரை நான்கு எண்ணையும் யாருடையது என்று தெரியாமல் குழந்தை மனத்தில் சுமக்க வேண்டும். ஒரு வியாபாரி 25 கிலோ தக்காளி வாங்கினார். கிலோ 40 ரூபாய். 3 கிலோ அழுகிவிட்டது. மீதியைக் கிலோ 50 ரூபாய்க்கு விற்றார் என்று உடைத்தால் ஒவ்வொரு வரியும் ஒரு காட்சி. லாபம் 100 ரூபாய் என்பது இரண்டிலும் மாறாது.

பேச்சுத் தமிழுக்கும் நூல் தமிழுக்கும் உள்ள தூரத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். ‘எனில்’, ‘காண்க’, ‘தலா’, ‘வீதம்’ போன்ற சொற்களைக் குழந்தை வீட்டிலோ தெருவிலோ கேட்பதில்லை. ‘வரிசைக்கு எட்டு செடி’ என்றால் புரிந்துகொள்ளும் பிள்ளை, ‘வரிசை ஒன்றுக்கு 8 செடிகள் வீதம் நடப்பட்டன எனில்’ என்றதும் விழிக்கும். படித்தவர் இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இது இரட்டைத் தேர்வு: முதலில் மொழி, பிறகு கணக்கு. மதிப்பெண் மட்டும் கணக்கின் பெயரில் குறைகிறது.

தமிழ் அமைப்பு கைகொடுக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் ஜான் கிளமென்டும் அவரது சகாக்களும் 1981இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, பொறியியல் முதலாண்டு மாணவர்களில் 37 சதவீதம் பேர் தவறு செய்த கணக்கு ஒன்றைப் பிரபலமாக்கியது. ஒரு கல்லூரியில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள். இதைச் சமன்பாடாக எழுத வேண்டும். பலர் மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கிப் பேராசிரியர் எண்ணிக்கைக்குச் சமமாக வைத்தார்கள். ஆங்கில வாக்கியத்தில் ‘ஆறு மடங்கு’ என்பதை ஒட்டி ‘மாணவர்’ வருகிறது. வந்த வரிசையிலேயே எழுதினால் விடை தலைகீழாகிவிடும். ‘பேராசிரியர்களின் ஆறு மடங்கு மாணவர்கள்’ என்று தமிழில் சொன்னால், வரிசைப்படி எழுதினாலே சமன்பாடு சரியாக வரும். ஆனால் சொல்வரிசை மட்டுமே அந்தத் தவறுக்குக் காரணம் அல்ல. ஒரு பேராசிரியருக்கு எதிரே ஆறு மாணவர்களை மனத்தில் நிறுத்தி, அந்தப் படத்தையே சமன்பாடாக எழுதிவிடுவதும் உண்டு. அதிலிருந்து தமிழும் காப்பாற்றாது.

பின்னங்களிலும் இதுபோல ஒரு வசதி இருக்கிறது. கொரிய மொழியில் முக்கால் என்பதை ‘நான்கு பங்கில் மூன்று’ என்ற போக்கில் சொல்வார்கள். அந்தப் போக்கில் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தபோது அமெரிக்கக் குழந்தைகளும் பின்னங்களை நன்றாக அடையாளம் கண்டதாக பைக், மிக்ஸ் இருவரும் 2003இல் எழுதினார்கள். ‘நான்கில் மூன்று பங்கு’ என்னும் தமிழ் வழக்கும் அதே அமைப்புதான்.

‘டீச்சர், இது கூட்டலா கழித்தலா?’

வாக்கியக் கணக்கு தொடங்கியதும் வகுப்பில் எழும் முதல் குரல் இது. இதற்கு விடையாகப் பள்ளிகள் தரும் மருந்து, சொல்லைப் பார்த்துச் செய்கையைக் கண்டுபிடிக்கும் வித்தை: ‘மொத்தம்’ வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி, ‘ஆளுக்கு’ வந்தால் வகு. அன்றைய பாடத்துக்கு இது வேலை செய்யும். ஆண்டு முழுவதும் கேடு செய்யும். மாலா தம்பிக்கு 4 நெல்லிக்காய் கொடுத்தாள். மீதி 5 இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தது? ‘கொடுத்தாள்’, ‘மீதி’ இரண்டும் கழிக்கச் சொல்கின்றன, கணக்கோ கூட்டல். சொற்குறிப்புகள் இப்படித் தடம் மாற்றுவதை இஸ்ரேலைச் சேர்ந்த பெர்லா நெஷரும் ஈவா டியுபலும் 1975லேயே எழுதிவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் கல்லூரி வரை தொடர்கிறது. 1987இல் லூயிஸ், மேயர் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் கண்டதைத் தமிழ்க் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: சந்தையில் தேங்காய் 25 ரூபாய், அண்ணாச்சி கடையைவிட இது 3 ரூபாய் குறைவு, அண்ணாச்சி கடையில் 4 தேங்காய் வாங்க எவ்வளவு ஆகும்? ‘குறைவு’ என்ற சொல் 22 என்று எழுதத் தூண்டுகிறது. சரியான வழி 28ஐ நான்கால் பெருக்கி 112 ரூபாய். சொல் ஒரு பக்கமும் செய்கை மறுபக்கமும் இழுக்கும் இத்தகைய கணக்குகளில்தான் தவறுகள் குவிகின்றன. 1995இல் ஹெகார்ட்டி, மேயர், மங்க் ஆகியோர் படிப்பவர்களின் கண்ணசைவையே பதிவு செய்து பார்த்தார்கள். தவறு செய்பவர்கள் எண்ணுக்கும் ‘அதிகம், குறைவு’ போன்ற சொற்களுக்கும் திரும்பத் திரும்பப் போனார்கள். சரியாகச் செய்தவர்களின் கண் எது எதைவிட என்று பெயர்களையும் தேடிப் போனது.

சொல்லைப் பிடித்துச் செய்கைக்குத் தாவும் பழக்கம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் கிரெனோபில் நகரத்துச் சோதனை சாட்சி. 1970களின் இறுதியில் அங்கே சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன; கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு விடையைக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால் பள்ளியில் கேட்கப்படும் கணக்குக்கு விடை இருந்தே தீரும், அதில் உள்ள எண் எல்லாவற்றையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டது யார்? 2018இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இதே கேள்வி வந்தது இணையத்தில் பெரும் பேச்சானது.

அமெரிக்க தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் கேட்ட பேருந்துக் கணக்கும் இந்த வரிசையில் சேரும். ஒரு பேருந்தில் 36 பேர். 1,128 படைவீரர்களை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் சரியாக வகுத்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். 18 சதவீதம் பேர் 31 என்று நிறுத்தி 12 பேரைச் சாலையில் விட்டுவிட்டார்கள். 32 என்று சொன்னவர்கள் 23 சதவீதமே.

சொற்கள் தூக்கிவிடும் இடம்

இவ்வளவையும் படித்தால், சொற்கள் இல்லாத வெறும் எண் கணக்கே பிள்ளைகளுக்கு எளிது என்று தோன்றும். பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் கண்டது அதற்கு நேர் எதிர். தெரேசினா நூனஸ் கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், 9 முதல் 15 வயதுக்குட்பட்ட ஐந்து சிறு வியாபாரிகளிடம் வாடிக்கையாளராகப் போய்ப் பொருள் கேட்டார்கள். கடையில் போட்ட கணக்கில் 98.2 சதவீதம் சரி. அதே எண்களைப் பிறகு தாளில் கொடுத்தபோது, வாக்கியக் கணக்காகக் கொடுத்தவற்றில் 73.7 சதவீதம் சரி; வெறும் எண்ணாகக் கொடுத்தவற்றில் 36.8 சதவீதம்தான். ஒரு தேங்காய் 35 குருசேரோ. நான்கு வேண்டும் என்றபோது, மூன்று 105, அதோடு 30 சேர்த்தால் 135 என்று படிப்படியாக ஏறி 140 என்று சொன்ன 12 வயதுப் பையன், தாளில் 35ஐ நான்கால் பெருக்கச் சொன்னதும் 200 என்று எழுதினான். நாலஞ்சு இருபது, இரண்டை மேலே வைத்து மூன்றோடு முதலிலேயே கூட்டி, வந்த ஐந்தை நான்கால் பெருக்கிவிட்டான். கையில் தேங்காய் இருந்தால் இந்த 200 அவன் வாயிலிருந்து வந்திருக்காது.

கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ குழுவினர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பிளவை உறுதிப்படுத்தியது. சந்தையில் மளமளவென்று கணக்குப் போடுபவர்கள் பள்ளி முறைக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக் கணக்கில் தேறிய மாணவர்கள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் இடையே, வாசகம் நல்ல கதையாக இருந்தால் அது பாலம், இல்லாவிட்டால் சுவர்.

திருத்தி எழுதினால் போதுமா?

மொழியை எளிமையாக்குவதன் பயன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஜமால் அபெதி, கேரல் லார்ட் இருவரும் 1,174 எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், அமெரிக்க தேசிய மதிப்பீட்டுக் கணக்குகளின் செயப்பாட்டு வினை, நிபந்தனைத் தொடர், அரிய சொல் போன்றவற்றை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான முடிவு: மதிப்பெண் உயர்ந்தது, ஆனால் சிறிதளவே. கணக்கில் பின்தங்கிய வகுப்பினரும் ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாதவர்களும் கூடுதல் பயன் பெற்றார்கள். தேர்வுத்தாள் எழுதுவோருக்கு இது நேரடியான செய்தி: கணக்கைச் சோதிக்க வந்த தாள் தற்செயலாக மொழியைச் சோதிக்கக் கூடாது.

கற்பிப்பது அப்படியல்ல. ஹட்சனின் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியின் எளிய வடிவம் மட்டுமல்ல. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு புழு என்று இணைக்கும் வழியையும் அது சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. எல்லா ஒப்பீட்டையும் இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் ‘எத்தனை அதிகம்’ என்ற சொற்றொடரைப் பிள்ளை என்றைக்குக் கற்கும்? மேல் வகுப்பில் சதவீதமும் விகிதமும் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆகவே கடினமான வாசகத்தை ஒழித்துவிட முடியாது. அதைத் திறக்கும் சாவி கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு 1980களில் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்த பட்டை வரைபட முறை அத்தகைய சாவிகளில் ஒன்று. செய்கை எதுவென்று தேடுவதற்கு முன், மாலாவுக்கு ஒரு நீளப் பட்டை, தம்பிக்கு அதைவிடச் சின்னப் பட்டை, இடைவெளியில் 3 என்று வரைய வேண்டும். வரைந்த பிறகு ‘கூட்டலா கழித்தலா’ என்ற கேள்வியே எழாது. ஆஷா ஜிதேந்திரா முதலானோர் அமெரிக்காவில் வளர்த்த முறை, மாற்றம், சேர்க்கை, ஒப்பீடு என்று கதையின் வகையை முதலில் அடையாளம் காணப் பழக்குகிறது. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளிடம் அதற்குப் பலன் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கணக்கின் எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் படித்துக் காட்டி, என்ன நடக்கிறது என்று கேட்கும் ஆசிரியர்களும் உண்டு. எண்ணே இல்லாதபோது கூட்டுவதற்கோ கழிப்பதற்கோ ஏதும் இல்லை. பிள்ளை கதையைத்தான் பார்த்தாக வேண்டும்.

பறவைப் படத்துக்கும் இதைச் செய்யலாம். முதலில் புழு கிடைக்காத பறவைகளை எண்ணச் சொல்வது. பிறகு ஒவ்வொரு பறவையிலிருந்தும் ஒரு புழுவுக்குக் கோடு இழுக்கச் சொல்வது. கோடு இல்லாமல் நிற்கும் இரண்டு பறவையைத் தொட்டுக் காட்டி, ‘புழுக்களைவிடப் பறவைகள் இரண்டு அதிகம்’ என்று அந்த இடத்தில் அந்தச் சொற்களைச் சொல்வது. பிறகு பறவைக்குப் பதில் குழந்தைகளும் நாற்காலிகளும், அதன் பின் படமே இல்லாமல் 8ம் 5ம்.